நடுக்கோட்டைத் தாண்டுவதற்கு முன்

அக்கா,

இன்று எழுந்ததும் முதல் வேலையாகப் பரண் மேலிருந்த பழைய துணிப்பையை எடுத்து வாசலில் உதறினேன். அடுப்புகூடப் பற்றவைக்கவில்லை. கல்லூரிக்குச் சில காகிதங்கள் கொண்டுபோக வேண்டும், வழக்கமான பையின் ஜிப் போய்விட்டது. உதறியதும் அதன் பக்கவாட்டுப் பாக்கெட்டிலிருந்து ஒரு பிடி வேர்க்கடலைத் தோல் கொட்டியது, உங்கள் மல்லாட்டைத் தோல். கையில் அள்ளி முகர்ந்தேன். வறுத்த மணலின் வாசனை இன்னும் லேசாக இருந்தது.

போட்டதெல்லாம் நீங்கள்தான். பெருமுக்கலில் உங்கள் தம்பி நிலத்து மல்லாட்டையை வறுத்து, மேட்ச் நாட்களில் மைதானத்துப் படிக்கட்டுக்குக் கொண்டுவருவீர்கள். தோலை மட்டும் கீழே போட விட மாட்டீர்கள். “கூட்டறவ நம்மளாட்டம் ஒருத்திதானே” என்பீர்கள். உங்கள் பை நிறைந்தால் என் பையில் திணிப்பீர்கள்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. நான்கு நாள் காய்ச்சல், புதுச்சேரியில் ஆஸ்பத்திரி, அப்புறம் விக்கிரவாண்டியில் உங்கள் வீட்டு வாசலில் பந்தல். அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் உங்களிடம் ஒன்றும் பேசவில்லை. இன்று பேச ஒரு விஷயம் இருக்கிறது.

திண்டிவனத்தில் நம் கல்லூரியில் நீங்கள் இயற்பியல் ஆய்வக உதவியாளர், நான் புள்ளியியல் ஆசிரியை. வாசலுக்குள் என்னை “மேடம்” என்பீர்கள். மைதானத்துக்கு வந்தால் “ஏம்மா” ஆகிவிடும். விழுப்புரம் பாசஞ்சர் வரும்வரை பொழுது போக வேண்டுமே என்றுதான் நான் பெண்கள் கபடி பார்க்க வந்து உட்கார்ந்தேன். பிறகு ரயிலைத் தவறவிட்டுக்கூடப் பார்த்தேன். நம் ரயில் கோஷ்டியில் எல்லோரையும்விடச் சத்தமாகப் பேசுகிறவர் தாலுகா ஆபீஸ் அண்ணன். எல்லோருடைய வாயிலும் விழுகிறவள் நம் பெண்கள் அணியின் கோச். வானூர்ப் பெண், முப்பது வயதுகூட ஆகவில்லை, ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை.

சண்டை எப்போதும் மூன்றாவது ரெய்டைப் பற்றித்தான். இரண்டு முறை எதிராளி பக்கம் பாடிப் போய்ப் புள்ளியில்லாமல் திரும்பினால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் போனவள் வெளியே. யாரை அனுப்புவது, போனஸ் கோட்டுக்கு அப்பால் கால் வைத்து எடுக்கிற ஒரு புள்ளி போதுமா, ஆளைத் தொடச் சொல்வதா என்பதைக் கோச் தீர்மானிப்பாள். அவள் தீர்மானித்தது தப்பு என்று நாம் மயிலத்தில் ஆரம்பித்து விக்கிரவாண்டிக்குள் நிரூபித்துவிடுவோம். நீங்கள் அங்கே இறங்க வேண்டுமே.

ஒருநாள் நான்தான் பொரிந்து தள்ளினேன். “போனஸ் கோட்டுக்கு அப்பால கால் வெச்சிட்டு வான்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். இதுகூடத் தெரியாம என்ன கோச்சு?”

நீங்கள் மல்லாட்டையை உடைத்தபடியே கேட்டீர்கள். “இது எப்ப தோணுச்சும்மா உனக்கு?”

“எது?”

“இந்த போனஸ். அந்தப் புள்ள நடுக்கோட்டத் தாண்டறதுக்கு முன்னாடியா, மாட்டிக்கினதுக்கு அப்புறமா?”

பேரணி நிலையத்தில் வண்டி நின்று கிளம்பியதும் நீங்களே தொடர்ந்தீர்கள்.

“மாட்டிக்கினதுக்கு அப்புறம் எனக்குந்தான் ஆயிரம் தோணுது. நாளைலேர்ந்து எதிராளி ரெய்டு முடியறதுக்குள்ள, நம்ம புள்ளைங்கள்ல யார அனுப்பணுமோ அவ நம்பர விரல்ல காட்டிப்புடணும். காட்டாதவங்க ரயில்ல வாயத் தொறக்கப் படாது.”

“இன்னாக்கா, ரயில்வேல புதுச் சட்டமா?” என்றார் அண்ணன்.

“ஆமா. மீறுனா மல்லாட்ட கெடையாது.”

முடிவு வேறு, விளைவு வேறு என்று பதினெட்டு ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வந்தவள் நான். என் வாழ்க்கையில் அதை நான் ஒருநாளும் கடைப்பிடித்ததில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுநாள் அதே பாடத்தை நடத்தும்போது நாக்கு கொஞ்சம் கூசியது.

முதல் வாரம் எல்லோருடைய கையும் மூடியே கிடந்தது. அண்ணன் கையைத் தூக்குவார், இறக்குவார், தலையைச் சொறிவார். “முன்னாடியே சொல்றதுன்னா பேஜாராக்கீதுக்கா” என்று ஒப்புக்கொண்டார். நாம் விக்கிரவாண்டிவரை வசவில்லாமல் போன ஒரே வாரம் அது.

நீங்கள் மட்டும் முதல் நாளிலிருந்தே தயங்காமல் காட்டினீர்கள். உங்கள் விரல் தப்பினால் “என் தப்பு” என்று சொல்லிவிட்டு அடுத்த மல்லாட்டையை உடைப்பீர்கள். அந்த ஒரு வார்த்தை அவ்வளவு சுலபமாக எப்படி உங்கள் வாயிலிருந்து வந்தது என்று நான் இப்போதும் வியக்கிறேன். எங்கள் துறைக் கூட்டங்களில் அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்னொன்று. நாம் ஜெயித்த நாளில்கூட நீங்கள் விடவில்லை. கடைசி ரெய்டுக்குக் கோச் இரண்டாம் நம்பரை அனுப்பினாள். அணியின் நட்சத்திரம் அவள்தான். இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள், மைதானமே குதித்தது. மறுநாள் கோச் உங்கள் ஆய்வக வாசலுக்கு இனிப்புப் பெட்டியோடு வந்தாள். நான் அங்கேதான் இருந்தேன்.

“ஜெயிச்சதுல சந்தோஷம்மா” என்றீர்கள். “ஆனா ரெண்ட நீ அனுப்பியிருக்கப் படாது. கணுக்கால் வீங்கிக் கெடந்துச்சு. உக்கார்ந்திருந்த எனக்கே தெரிஞ்சது.”

கோச் முகம் சுருங்கியது. “ஜெயிச்சிட்டோமேக்கா.”

“ஜெயிச்சிட்டா சரியாயிடுமா? அந்தக் கால வெச்சிக்கினு அது இன்னும் எத்தினி வருஷம் நடக்கணும்.”

பெட்டியை உங்களிடம் நீட்டினாள். “தப்புதாங்க்கா. இனிமே பண்ண மாட்டேன்” என்றாள். நீங்கள் பெட்டியைத் திறந்து முதல் லட்டை அவள் வாயில்தான் வைத்தீர்கள்.

அடுத்த மாதமே ஒரு லீக் ஆட்டத்தில் இரண்டாம் நம்பரை உட்கார வைத்துவிட்டு, முதலாமாண்டுப் பெண் ஏழாம் நம்பரை அனுப்பினாள். அவள் மாட்டிக்கொண்டாள். ரயிலில் ஒரே கூச்சல். ஏழும் வானூர், கோச்சும் வானூர், ஊர்ப்பாசம் என்று அண்ணன் ஆரம்பித்தார். நீங்கள் எழுந்து நின்று, கம்பியைப் பிடிக்காமல், இரண்டு கையையும் விரித்தீர்கள். ஒரு கையில் ஐந்து, இன்னொன்றில் இரண்டு.

“நானும் ஏழுதான் காட்டுனேன். நான் எந்த வானூரு? திட்டறதா இருந்தா என்னையும் சேத்துத் திட்டு.”

வண்டி குலுங்கி நீங்கள் அண்ணன் மடியிலேயே விழப் பார்த்தீர்கள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்போடு அந்தப் பேச்சு முடிந்தது.

அக்கா, இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

இரண்டு மாதம் முன்பு விழுப்புரத்தில் கல்லூரிகளுக்கிடையேயான இறுதியாட்டம். நீங்கள் இல்லாமல் நான் பார்த்த முதல் ஆட்டம். கடைசி நிமிடம், ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம், மூன்றாவது ரெய்டு. இரண்டாம் நம்பர் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தாள். உள்ளே கட்டு போட்டிருந்தது. அவள் இடது காலைத் தாங்கித் தாங்கி ஊன்றுவதையும் பார்த்தேன். நான் ஏழு காட்டினேன். மடியில், கைப்பைக்குக் கீழே. காட்டிவிட்டுப் பழக்கத்தில் பக்கத்து இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். யாரோ தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார்கள்.

கோச்சும் ஏழைத்தான் அனுப்பினாள். அந்தப் பெண் ஒருத்தியைத் தொட்டுவிட்டாள். திரும்பும்போது நடுக்கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் இடுப்பைப் பிடித்துவிட்டார்கள். தோற்றோம்.

வெளியே வரும்போது அண்ணன் கேட்டார். “டீச்சர், நீங்க எத்தினி காட்டுனீங்க?”

“நான் காட்டலண்ணே” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்துவிட்டேன். சுற்றிலும் எல்லோரும் கொதித்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து நிற்க நீங்கள் இல்லை. உங்கள் சட்டப்படி, காட்டாதவள் பேச வேண்டியதில்லை. அந்தச் சட்டத்துக்குள் போய் நான் ஒளிந்துகொண்டேன்.

அது அங்கே முடியவில்லை. ஊர்ப்பாசத்தால் கோப்பையைத் தொலைத்தாள், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று ஒரு மனு கிளம்பி விளையாட்டுக் குழுவுக்கு வந்திருக்கிறது. அந்தக் குழுவில் நானும் உறுப்பினர். கூட்டம் இன்று மதியம். போன வாரம் துறைத்தலைவர் என்னை அறைக்கு அழைத்தார்.

“நீங்க புள்ளியியல் ஆளு. அந்த முடிவு தப்புன்னு கணக்கோட ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. நீங்க சொன்னா எடுபடும்.”

“யோசிக்கிறேன் சார்.”

“யோசிங்க. உங்களுக்கும் இங்க இன்னும் பதினஞ்சு வருஷம் சர்வீஸ் இருக்குது” என்று சிரித்தார்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். “எழுதிக் குடுத்துட்டு வேலயப் பாரு. கபடிக்கு எதுக்கு இவ்ளோ?” என்றார். அவர் சொல்வதும் புரிகிறது. இரண்டு இரவு கணக்குப் போட்டேன். இரண்டாம் நம்பரை அனுப்பியிருக்க வேண்டும் என்று எழுதிவிட முடியும்தான். கட்டுப் போட்ட கணுக்காலைச் சேர்க்காமல் விட்டால் போதும், கணக்கு வந்துவிடும். அந்தக் கால் ஏன் அன்று காப்பாற்றப்பட்டது என்பது கோச்சுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவள் அதை வெளியே சொல்ல மாட்டாள். ஒரு ஆய்வக உதவியாளர் சொன்னதைக் கேட்டேன் என்று சொன்னால் குழு சிரிக்கும், உங்கள் பெயரையும் இழுப்பார்கள் என்று நினைத்திருப்பாள்.

மல்லாட்டைத் தோலைக் குப்பையில் போட மனம் வரவில்லை. மறுபடி அந்தப் பைக்குள்ளேயே போட்டேன். காகிதங்களும் அதில்தான் இருக்கின்றன. துறைத்தலைவர் கேட்ட பக்கம் மட்டும் இல்லை. நான் எழுதவில்லை.

துறைத்தலைவரிடம் இதைச் சொல்லவில்லை. வீட்டில் இவரிடமும் சொல்லவில்லை. கோச்சுக்கும் தெரியாது. மதியம் என் முறை வரும்போது, அன்று ஆட்டம் முடிவதற்கு முன்னாலேயே நானும் ஏழாம் நம்பரைத்தான் காட்டினேன், பிறகு இல்லையென்று பொய் சொன்னேன், திட்டுவதானால் என்னையும் சேர்த்துத் திட்டுங்கள் என்று சொல்லப்போகிறேன். கணுக்காலையும் சொல்வேன், அதைக் கோச்சிடம் முதலில் சொன்னது யார் என்பதையும் சொல்வேன். மாலை ரயிலில் அண்ணனிடமும் சொல்ல வேண்டும். அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கும்.

கோச்சின் வேலை நிலைக்குமா, என் வேலை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு சொன்னால் நீங்கள் ஏற்கமாட்டீர்கள். அதனால்தான் இப்போதே, காபி போடுவதற்கும் முன்னால், உங்களிடம் காட்டிவிடுகிறேன்.

ஏழு, அக்கா. நான் இன்னும் கோட்டைத் தாண்டவில்லை.