கப்பல் பட்டறை முடிந்த செய்தி

பினாங்கு,
1938 மாசி

சிரஞ்சீவி ராமதாசுக்கு, அப்பா பக்கிரிசாமி வாயால் சொல்ல, சூலியா தெரு லாரன்ஸ் தம்பி எழுதுவது. நானும் உன் பெண்சாதி ஜெயலெட்சுமியும் சுகம். உன் சுகத்துக்கு மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

சிங்கப்பூரில் நீ வேலை செய்யும் கப்பல் பட்டறையைத் திறந்துவிட்டார்களாம். சண்டைக் கப்பல் முழுசாக உள்ளே வந்து நிற்கும் குளமாம். உன் அம்மா இருந்தபோதே அங்கே சதுப்பை வெட்ட ஆரம்பித்தார்கள். சீமையில் மந்திரிகள் மாறியதும் நிறுத்தினார்கள். மறுபடி தொடங்கி மறுபடி நிறுத்தினார்கள். நீ போன பிறகுதான் வேலை ஓடியது. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

செய்தியைக் கொண்டுவந்தது பக்கத்துக் கடை ஷேக் அலாவுதீன். "அண்ணே, இனிமே வெள்ளைக்காரன் கப்பல் குளிக்கணும்னாலும் உங்க மவன்கிட்டதான் வரணும்லா" என்று சிரித்தார். மீன் கழுவிக்கொண்டிருந்த ஜெயலெட்சுமி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அப்போ வீடும் கட்டி முடிச்சிருப்பாங்கல்ல, மாமா?"

நான் வெற்றிலை வாங்கப் போவதுபோல வெளியே போய்விட்டேன்.

பெண்சாதி பேருக்குக் கடிதம் போடுவது நம்மில் வழக்கமில்லை. நீ எனக்கு எழுதுவாய். லாரன்ஸ் தம்பி படிப்பார். நான் வீட்டுக்குப் போய் அவளுக்குச் சொல்வேன். குடும்பக்காரர்களுக்கு வீடு கொடுத்துவிட்டார்கள், ஜெயாவை அனுப்புங்கள் என்று நீ எழுதியது போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி. அவளிடம் நான் சொன்னது, பட்டறை முடியவில்லையாம், வீடும் கட்டவில்லையாம் என்று. உனக்கு எழுதச் சொன்னது, அவளுக்கு உடம்பு சரியில்லை என்று. அவளுக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை. உன் அம்மா போன பிறகு இந்த வீட்டில் கேட்கிற குரல் அவளுடையது ஒன்றுதான்.

இந்தக் கடிதத்திலும் முதலில் வேறு சொன்னேன். பட்டறையும் பீரங்கியும் இருக்கும் இடத்தைத்தான் எதிரி தேடி வருவான், அனுப்பப் பயமாக இருக்கிறது என்றேன். பயம் பொய்யில்லை. ஆனால் இங்கேயும் பத்து மாவுங் மலையில் பீரங்கி வைக்கப்போவதாகத்தான் பேச்சு. லாரன்ஸ் தம்பி பேனாவைக் கீழே வைத்தார். "இதை ஜெயா அக்காகிட்ட ஒரு தடவை படிச்சுக் காட்டிட்டு அனுப்பலாமா, பெரியப்பா?" என்றார். வேறு தாள் எடுக்கச் சொன்னேன்.

வியாழக்கிழமை படகில் அக்கரை கொண்டுபோய், பிறை ஸ்டேஷனில் அவளை ரயிலேற்றுகிறேன். அலாவுதீன் தங்கை ரொஸ்னா குடும்பமும் சிங்கப்பூர் போகிறது, துணையிருக்கும். நேரத்தைத் தந்தியில் சொல்லியிருக்கிறோம். முன்னாடியே வந்து நிற்கவும் அதிலேயே சொல்லியிருக்கிறோம். புது ஊர், மிரளுவாள்.

எனக்குச் சோறு அலாவுதீன் கடையில் கிடைக்கும். அதை நினைத்து அவளை வருத்தப்படவேண்டாம் என்று சொல்.

இந்தக் கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நீதான் படித்துக் காட்ட வேண்டும். நடுவில் ஒரு வரியையும் விட்டுவிடாதே, அப்பா பேர் கெட்டுப்போகும் என்று பார்க்காதே.

இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே நிறைஞ்சு வாழ வேண்டும்.

உன் அப்பா
பக்கிரிசாமி கைநாட்டு