மூன்று தட்டினால் நான்கு

மச்சான்,

இன்று காலை சாம்பியன் ரீப்ஸில் ரயில் ஏறியபோது உன் ஜன்னல் சீட்டில் யாரோ துண்டு போட்டு இடம் பிடித்திருந்தார்கள். பச்சைத் துண்டு. உன்னுடையது நீலம். மாரிகுப்பத்தில் முதலில் ஏறி, ஒன்பது வருடம் எனக்கும் சேர்த்து நீ பிடித்து வைத்த இடம் அது. நின்றுகொண்டே பார்த்தேன். அழுகை வரவில்லை. நீ போன இந்த ஒரு மாதமாக, பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி மரத்துப்போய்த்தான் இருக்கிறேன்.

அதே சீட்டில் உட்கார்ந்துதான் ஒருநாள் என்னைத் திட்டினாய். பெங்களூரில் நாம் பார்த்துக்கொண்ட வெப்சைட்டுக்குப் பின்னால் மூன்று சர்வர்கள். வருகிறவர்களை மூன்றுக்கும் பிரித்து அனுப்புவது லோட் பேலன்சர். ஐந்து வினாடிக்கு ஒருமுறை அது ஒவ்வொரு சர்வரையும் "இருக்கிறாயா?" என்று கேட்கும். பதில் வராவிட்டால் அதை ஒதுக்கிவிட்டு, ஆட்களை மற்ற இரண்டுக்கும் திருப்பிவிடும். பதில் சொல்லும் பக்கத்தை எழுதிய மகாராசன் நான். எதையும் பார்க்காமல் ஓகே என்று மட்டும் சொல்லும்படி எழுதியிருந்தேன். ஒரு சர்வருக்கு டேட்டாபேஸ் தொடர்பு அறுந்த பிறகும் அது ஓகே, ஓகே என்றே சொல்லிக்கொண்டிருந்தது. காலை முழுக்க மூன்றில் ஒருவருக்கு வெறும் வெள்ளைப் பக்கம்.

"இருக்கியான்னு கேட்டா எவன்டா இல்லன்னு சொல்வான்?" என்றாய். தங்கச் சுரங்கத்தில் பாறை சரிந்தால் உன் அப்பாவும் கூட்டாளிகளும் பைப்பைத் தட்டிப் பார்ப்பார்களாம். "மூணு தட்டினா உள்ள மாட்டினவன்கிட்டருந்து நாலு வரணும். வெறும் சத்தம் பைப்பே போடும். எண்ணித் தட்டுறவன்தான் உசுரோட இருக்கான். இன்னா, புரியுதா?" அன்றே அந்தப் பக்கத்தை மாற்றினாய். டேட்டாபேஸிலிருந்து ஒரு வரியைப் படித்துக் காட்டினால்தான் ஓகே.

நீ நோயில் விழுந்து வீட்டோடு கிடந்தபோது, ரயில் கிளம்பியதும் தினமும் "இருக்கியா?" என்று அனுப்புவேன். பதிலுக்குப் போனில் கட்டைவிரல் படம் வரும். நிம்மதியாகப் போவேன். பக்கத்து ஸ்டேஷன்தான், ஒருநாள் வந்து பார்த்திருக்கலாம். கடைசி வாரம் முழுக்க அந்தக் கட்டைவிரலை அனுப்பியது தான்தான் என்று அடக்கத்தன்று உன் மனைவி சொன்னார். "நீங்க பதறக்கூடாதுன்னு அவருதாண்ணா அனுப்பச் சொன்னாரு." உன் மேல் கோபம் வந்தது. என் மேல் அதைவிட. சர்வரிடம் செய்த அதே தப்பை உன்னிடமும் செய்திருக்கிறேன்.

அதன் பிறகு, உன் ஆபீஸ் லேப்டாப்பை வந்து எடுத்துப் போகும்படி அவர் மூன்று முறை போன் செய்தார். மூன்று முறையும் "சரிம்மா" என்றேன். போகவில்லை. இன்று அந்தப் பச்சைத் துண்டைப் பார்த்ததும் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, ஆட்டோ பிடித்து உன் வீட்டுக்குப் போனேன்.

"வாங்கண்ணா. எப்படி இருக்கீங்க?"

நல்லா இருக்கேன் என்று வாய்வரை வந்துவிட்டது.

"நல்லா இல்லம்மா" என்றேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "நானும்தாண்ணா. உக்காருங்க."

வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். இப்போது மாரிகுப்பத்திலிருந்து அடுத்த ரயில். கூட்டமில்லை. உன் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மடியில் உன் லேப்டாப் பை, அதற்குள் நீலத் துண்டு. லேப்டாப்பை ஆபீஸில் கொடுத்துவிடுவேன். துண்டைக் கொடுக்க மாட்டேன்.