பின்படியைத் திறந்து வைத்தவளுக்கு

நீ மட்டும் இன்றைக்கு இருந்திருந்தால் என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். நரிக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தீப்பாதுகாப்புப் பயிற்சி. பாதியாக வெட்டிய டிரம்மில் டீசலை ஊற்றிக் கொளுத்தி, ஃபயர் சிலிண்டரை எப்படிப் பிடிப்பது என்று டீச்சர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். பாழாய்ப்போன காற்று திடீரென்று திரும்பிவிட்டது. தலையிலிருந்து சேலைக் கொசுவம் வரைக்கும் ஒரே சிலிண்டர் பவுடர். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தும், கரிந்த டீசல் வாடையும் அந்தப் பவுடர் நெடியும் மூக்கை விட்டுப் போகவில்லை. அந்த நெடி வந்தால் கூடவே நீயும் வந்துவிடுகிறாய். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதல் பயிற்சியில் உனக்கும் இதே கதிதானே ஆனது? அருப்புக்கோட்டை ஜவுளிக்கடையில் நீ பட்டுப் பிரிவு, நான் சுடிதார் பிரிவு. விருதுநகரில் நடக்கும் தீப்பாதுகாப்புப் பயிற்சிக்குக் கடையிலிருந்து இரண்டு பேரை அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தபோது எல்லாரும் குனிந்து துணி மடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "நான் போறேன் அண்ணாச்சி, இவளையும் இழுத்துட்டுப் போறேன்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டாய், என்னை ஒரு வார்த்தை கேட்காமலே. அங்கே போய்க் காற்றுக்கு எதிரே நின்று சிலிண்டரை அமுக்கினாய். வெள்ளை வெளேரென்று திரும்பி, "என்னடி பாக்குற? கோலமாவு விக்கப் போறவ மாதிரி இருக்கேனா?" என்றாய். பயிற்சி கொடுத்த அதிகாரிக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

திரும்பி வந்ததும் கடையில் நமக்கு 'ஃபயர் மேடம்' என்று பட்டம் கட்டினார்கள். போகட்டும். வாடிக்கையாளர் வருவதற்கு முன் ஒத்திகை நடத்திக்கொள்ள அண்ணாச்சி அனுமதி கொடுத்தார். மணி அடித்தோம். எல்லாரும் கடையின் பின்பக்க மாடிப்படி வழியாக ஒழுங்காகத்தான் இறங்கினார்கள். பின்கதவுக்கு வந்ததும் கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. வேறொன்றும் இல்லை, செருப்பு! கடைக்குள் வெள்ளை விரிப்பு என்பதால் நாமெல்லாம் செருப்பைப் பின்கதவு ஓரத்தில்தான் கழற்றிப் போடுவோம். அவரவர் ஜோடியைத் தேடிக் குனிந்துவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் படியில் முட்டிக்கொண்டு நின்றார்கள். "ஏ புள்ள, என் செருப்ப மிதிக்காத, நேத்துத்தான் வாங்குனது" என்று ஒருத்தி சண்டைக்கு நின்றாள். "உயிர் போற நேரத்துல செருப்பு என்னங்கடி செருப்பு!" என்று நான் கத்தினேன். ஒருத்தியும் நிமிரவில்லை. நிஜமாகவே தீப்பிடித்திருந்தால் அந்தப் படியிலேயே பாதிப்பேர் போயிருப்போம்.

அன்று வீடு திரும்பும் பாலவனத்தம் பஸ்ஸில் நமக்குள் பெரிய சண்டை. செருப்பைத் தொடுகிறவளுக்குச் சம்பளத்தைப் பிடிக்கச் சொல்ல வேண்டும் என்றேன். நீ ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாய்: "கடைக்குப் பின்னாடி வெறுங்காலோட நீ நடந்து பாரு, பெறகு பேசு. தரை கொதிக்கிது. எங்க பாத்தாலும் கருவேல முள்ளு. எவ போவா? ஆளுகளத் திருத்த ஆயுசு பத்தாதுடி. செருப்ப நகட்டுவோம்." எனக்கு வந்த கோபத்தில் மறுநாள் முழுக்க உன்னோடு பேசவில்லை. நீ பாட்டுக்கு அண்ணாச்சியிடம் போய் நின்று, காம்பவுண்டு சுவரோரம் வேப்பமரத்தடிக்கு செருப்பு ஸ்டாண்டை மாற்ற வைத்தாய். கதவிலிருந்து அதுவரைக்கும் தரை சுடாமல் இருக்க நார் மிதியடி போட வைத்தாய். அடுத்த ஒத்திகையில் மணி அடித்ததுதான் தாமதம், செருப்பை எடுக்க ஓடிய ஓட்டத்திலேயே எல்லாரும் கட்டடத்தை விட்டு வெளியே வந்துவிட்டார்கள். நான் வாயைப் பிளந்து நின்றேன். நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய்.

அதோடு விட்டாயா? பண்டிகை லோடு வந்து இறங்கி, பண்டல்களைப் பின்படியில் அடுக்க ஆரம்பித்தால் இடுப்பில் கைவைத்து நின்றுவிடுவாய். "அண்ணாச்சி, இது படி. குடோன் இல்ல." அவர் முறைப்பார். நீயும் முறைப்பாய். கடைசியில் பண்டல்தான் நகரும்.

ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில், உச்சிவெயில் நேரம், மாடியில் ஏசி புகைந்து தீப்பிடித்ததே, அன்றைக்குத்தான் உன் அருமை ஊருக்குத் தெரிந்தது. கரும்புகை இறங்குகிறது. கல்யாணப் பெண்ணின் தாயார் ஒருவர் முகூர்த்தப் பட்டுச்சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு நகர மாட்டேன் என்கிறார். "கீழ போடுங்கம்மா" என்று நான் பிடுங்கப் போனேன். நீ என் கையைத் தட்டிவிட்டு, "எடுத்துக்கிட்டே வாங்கக்கா, வெளிய போயி வெல பேசிக்கிருவோம்" என்றாய். அந்த அம்மா மளமளவென்று இறங்கிவிட்டார். பின்படி வழியாக அத்தனை பேரும் வெளியே வந்தோம். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அண்ணாச்சி வேப்பமரத்தடியில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவர், "இனிமே அந்தப் படியில ஒரு பொட்டலம் கெடந்தா என்னைய கேளுங்கத்தா" என்றார்.

அதன்பிறகு பக்கத்துக் கடைக்காரர்கள் கூப்பிட, பள்ளிக்கூடம், மில், மண்டபம் என்று நாமே பயிற்சி கொடுக்கக் கிளம்பிவிட்டோம். பேச்சு உன்னுடையது, சிலிண்டர் என்னுடையது. உனக்குச் சிறுநீரகம் கெட்டு, மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்க்கும் வரைக்கும் அப்படித்தான் ஓடியது.

உன்னைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு வந்தேன். மூன்றாவது மாடி. சுரத்தில்லாமல் படுத்திருந்தவள், என் முகத்தைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, "இங்க பின்படி எங்கன இருக்குன்னு பாத்தியா?"

"அடியே, பேசாமப் படு."

"படுக்கேன். நீ போயி பாத்துட்டு வா."

போய்ப் பார்த்தேன். படி முழுக்க உடைந்த கட்டில்களும் கிழிந்த மெத்தைகளும். கீழ்க்கதவைக் கம்பி போட்டு முறுக்கியிருந்தார்கள். சூப்பர்வைசரிடம் சொன்னேன். "நோயாளியப் பாக்க வந்தீகளா, ஆஸ்பத்திரியப் பாக்க வந்தீகளா?" என்றார். "ரெண்டையுந்தான்" என்றேன். வந்த நாளெல்லாம் அவரை விடவில்லை. கடைசியில் கதவுக் கம்பியை அவிழ்த்தார்கள்; கட்டில்களை அகற்றும் சத்தம் வார்டு வரைக்கும் கேட்டது. நீ கண்ணை மூடிக்கொண்டே சிரித்தாய்.

நீ போனது ஒரு காலை நேரம். லிஃப்ட் பழுதாகி நின்றிருந்தது. முன்படியில் பார்வையாளர் கூட்டம். உன்னை எப்படி இறக்குவது என்று உன் வீட்டுக்காரரும் தம்பிகளும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். "பின்படி இருக்கு, வாங்க" என்றேன். உன் தலைமாட்டை நான் பிடித்துக்கொண்டேன். எந்தத் திருப்பத்திலும் உன்னை ஒரு இடத்தில்கூட இடிக்கவிடவில்லை. இறங்கும்வரை நான் அழவில்லை. கீழே வந்து கதவைத் தள்ளினோம். தள்ளியதும் திறந்துகொண்டது. அங்கேதான் உடைந்துபோனேன். படுபாவி, உனக்கு நீயே வழி பண்ணிவைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

நாளைக்குத் திருச்சுழியில் ஒரு கல்யாண மண்டபம். அழையாத ஆட்கள் பந்தியில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று சாப்பாட்டுக் கூடத்தின் பின்கதவைப் பூட்டிவிடுகிறார்களாம். "அதெல்லாம் மாத்த முடியாதும்மா" என்று மேனேஜர் போனிலேயே கறாராகச் சொன்னார். பழைய நானாக இருந்தால் அங்கேயே எகிறியிருப்பேன். "நாளைக்கு நேர்ல வாரேன் சார், பந்திக்கு என்ன பண்ணலாம்னு மொதல்ல பாப்போம்" என்றேன். அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. சிலிண்டரை எடுத்து வைத்துவிட்டேன். இப்போது பேச்சும் என்னுடையதுதான். அந்தக் கதவைத் திறக்க வைக்காமல் நான் பஸ் ஏறமாட்டேன்.