வண்டியில் போன நடை

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கத்துடன் அஜித் எழுதுவது. சர்க்கரை குறைந்ததா? போனில் கேட்டால் மழுப்புவாய்.

இங்கே மஸ்கட்டில் போன வாரம் கல் பாதையில் தண்ணீர் லாரி ஓட்டினேன். இறங்கவேயில்லை; ஆனால் லாரி குலுங்கியதிலேயே கையிலிருந்த வாட்ச் நாலாயிரம் அடி நடந்ததாகக் காட்டியது. சிரித்துவிட்டேன். பிறகுதான் உன் மேல் சந்தேகம் வந்தது.

உன் வாட்ச் கணக்கு என் போனுக்கு வருகிறதே. டாக்டர் சொன்ன நடையெல்லாம், நீ மல்லிகை மூட்டையோடு வத்தலக்குண்டுக்கு வண்டி ஓட்டும் அரை மணி நேரத்தில்தான் ஏறுகிறது. கேட்டால், "நடக்காம பறந்தா போறேன்?" என்கிறாய். வண்டி மெக்கானிக்கிடம் கிடந்த செவ்வாய்க்கிழமை நூற்றுப்பத்து அடிதான்.

தினமும் கொஞ்சம் நட. ஊருக்கு வந்திருக்கும் பாண்டி மாமா இங்கே திரும்பும்போது அவரிடம் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பு.

வாட்சை மட்டும் கழற்றாதே. நேற்று காலை பத்து மணி வரை உன் கணக்கில் ஒரு அடிகூட ஏறவில்லை. லாரியை ஓரம்கட்டிவிட்டு, முதல் அடி ஏறும் வரை போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தண்ணீர் நிரம்பிவிட்டது, கிளம்புகிறேன்.

அஜித்