கடைமடைப் படத்தில் தண்ணீர்

2 பிப்ரவரி 1953, திங்கள்

காலையில் பனி. பத்து மணிக்கே வெயில் சுட்டது.

தங்கம்மையின் மனு தள்ளுபடி. சொன்னவர் பாசன ஆபீஸ் குமாஸ்தா, கோப்பைத் திறந்தும் காட்டினார். கடைமடை வயல்களுக்கு இன்னும் ஒரு நனைப்புத் தண்ணீர் கேட்ட மனு. பதில் ஒரே வரி: ‘மேற்படி கால்வாயில் நீர் உள்ளது.’ கூடவே குண்டூசியில் குத்தி, எங்கள் பத்திரிகையில் போன வாரம் வந்த படம்.

“ஓய், உம்ம பேப்பருதானே? கரை முட்டி ஓடுதே!”

படம் சுகுமாரன் வரைந்தது. அவரும் லீலாவும் மதராஸ் ஓவியர்கள். நாகர்கோவிலின் குளம், படித்துறை, கால்வாய் எல்லாம் கடைசி வரை நடந்து பார்த்து வரைய வந்தவர்கள். இரண்டு வாரமாக லாட்ஜில். படத்தை வாங்கி அனுப்பியது உள்ளூர் நிருபரான நான். அடியில் ‘கடைமடைக் கால்வாய், நேற்று’ என்று எழுதியதும் நான். அன்று கணுக்கால் வீக்கம். நேரில் போகவில்லை.

கால் இப்போது பரவாயில்லை.

3 பிப்., செவ்வாய்

சைக்கிள் பஞ்சர். சுசீந்திரம் வரை பஸ், பிறகு தெற்கே நடை.

பார்த்தவை: மதகுக்கு அப்பால் வெடித்த சேறு. நண்டு வளைகள். காய்ந்த ஆம்பல் தண்டு. படத்தில் உள்ள சிறு பாலம் அதே இடத்தில். அதன் அடியில், நிழலுக்கு, இரண்டு ஆடு.

தங்கம்மை வரப்பில் நின்றாள். புருஷன் இறந்து மூன்று வருஷம். அரைக்கோட்டை விதைநெல் பிடிக்கிற சின்ன வயல், அது ஒன்றுதான். கதிர் வெளிவந்து பால் பிடிக்கிற நேரம். நிலம் விரல் நுழையும்படி பிளந்திருக்கிறது.

“அண்ணாச்சி, தண்ணி இல்லேன்னு எழுதுவியன்னு இருந்தேன். வந்திட்டுன்னுல்லா எழுதிட்டிய.”

டீக்கடையில் ஒருவன், என் காதில் விழவே: “ஏலே மக்கா, வயல்ல பேப்பரை விரிச்சுப் போடுங்கலே. நல்லா நனையும்!” எல்லோரும் சிரித்தார்கள். டீயைக் குடித்து முடித்துத்தான் எழுந்தேன்.

4 பிப்., புதன்

லாட்ஜ். கட்டில் முழுக்க மை காயும் தாள்கள். சுகுமாரனிடம் கேட்டேன். மறைக்கவில்லை.

“அங்கே தண்ணி இல்லை சார். ஒரு மைல் மேலே இருந்தது. பாலத்துக்கு அடியிலே வெறும் மண்ணுன்னா படம் நிக்கலை. அதனால இங்கே கொண்டு வந்தேன்.”

“எங்கிட்ட சொல்லலையே?”

“நீங்க கேக்கலையே சார்.”

உண்மை. கேட்கவில்லை.

லீலா: “வரையறப்போ அந்த வயல்காரம்மா பக்கத்திலேயே நின்னாங்க. தாளைப் பார்த்து, இப்படித்தான் ஓடணும்னு சொல்லிச் சிரிச்சாங்க.”

சு. உடனே கிளம்பி, அதே பாலத்தை உள்ளபடி மறுபடி வரைந்தார். ஆடுகளோடு. நல்ல படம். பிற்பகல் அதைப் பாசன ஆபீஸ் எஞ்சினீயர் மேஜையில் வைத்தேன்.

“படத்தையெல்லாம் ஆதாரமா எடுக்க முடியாது.”

கோப்பில் இருந்த முதல் படத்தைக் காட்டினேன்.

“அது பத்திரிகைச் செய்தி. நீங்க திருத்தம் போடுங்க. நானும் நேரிலே வந்து பாக்கேன்.”

திருத்தம் கேட்டு ஆசிரியருக்குத் தந்தி. பேனா கசிந்து சட்டைப் பை நீலம்.

5 பிப்., வியாழன்

காற்று. பல்வலி. ஆசிரியரின் பதில் தந்தி வந்தது. அதைச் சொல்லத்தான் தெற்கே போனேன்.

பாதி வயல் மொட்டை. தங்கம்மை பச்சைக் கதிரோடு அறுத்துக்கொண்டிருந்தாள். மாட்டுக்கு.

“இன்னும் ரெண்டு நாள் போனா சருகு. மாடும் வாய் வைக்காது.”

எஞ்சினீயர் வருகிறார், பொறு என்றேன். அரிவாளை நிறுத்தவில்லை.

“அவரு பாத்த உடனே தண்ணி வந்திருமா அண்ணாச்சி?”

உத்தரவு போட்டு, முறை மாற்றி, தண்ணீர் இங்கே எட்ட நாலு நாள். குமாஸ்தாவிடம் விசாரித்து வைத்திருந்தேன். சொல்லவில்லை.

“ஒரு கை பிடிங்க” என்றாள். கதிர்க்கட்டை அவள் தலையில் தூக்கிவிட்டேன். கதிர்கள் என் தோளில் உரசின. ஒன்றை நசுக்கிப் பார்த்தேன். பால் இருந்தது.

மீதி வயல் நாளை அறுப்பு. திருத்தம் நாளைய பதிப்பில், இடமிருந்தால். எஞ்சினீயர் வருவது சனிக்கிழமை காலை பத்து மணி. உறுதி.