நீ தின்னாத அரிசி

இன்று காலை குக்கருக்கு அரிசி அளந்தபோது, என் கை தன்பாட்டுக்கு ஒரு பிடியை அள்ளித் தனி டப்பாவில் போட்டது. மூடியைத் திறந்ததும் வேப்பிலையும் அரிசியும் கலந்த அதே வாசனை. எங்கள் வேதக்கோயிலில் பிடியரிசி வாங்குவதை நிறுத்தி எத்தனையோ வருஷமாகிவிட்டது. இப்போதெல்லாம் காணிக்கை உறைதான். மருமகள் பார்த்துச் சிரிப்பாள். தொண்ணூறு வயதுக் கையை இனி யார் திருத்துவது? ஆனால் இன்று டப்பாவை மூட முடியவில்லை. நீ போய் ஒன்பது நாள் ஆகிறது.

போர் முடிந்தும் ரேஷன் முடியாத காலம் அது. நீயும் நானும் பாளையங்கோட்டையில் பெண்கள் போர்டிங்கில் தங்கி ஆறாம் பாரம் படித்தோம். பள்ளி இறுதித் தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தது. காலையில் கோதுமைக் கஞ்சி, மத்தியானம் அளந்து போட்ட சோறு, ராத்திரி மரவள்ளிக் கிழங்கு. அந்தப் பஞ்சத்திலும், உலை வைக்குமுன் ஆளுக்கொரு பிடி அரிசி காணிக்கைப் பானைக்குள் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போய், கிராமங்களில் ஜெபம் நடத்தும் உபதேசியார் குடும்பங்களுக்குப் பங்காகும். என் ஐயாவும் ஒரு உபதேசியார். எங்கள் வீட்டு உலையில் கொதித்ததே அந்த அரிசிதான்.

அந்த வாரம் பானை உன் பொறுப்பு. நான்தான் அள்ளித் தின்றேன். ஒரு நாள் அல்ல, நாலு நாள். தாவணி முந்தியில் முடிந்துகொண்டு போய்க் கிணற்றடியில் நின்று மென்றேன். நீ பார்த்துவிட்டாய். "ஏளா, அரிசி தின்னா கல்யாணத்தன்னைக்கு மழ கொட்டும், பாத்துக்கோ" என்று சிரித்தாய். உனக்கும் கொஞ்சம் நீட்டினேன். "எனக்கு வேண்டாம்ளா" என்றாய். உனக்கும் அதே பசிதான். உன் அப்பா சேரன்மாதேவிப் பக்கம் வயலில் கூலி வேலை செய்தவர். நீ படித்தது இலவச இடத்தில். கணக்கில் உன்னை மிஞ்ச வகுப்பில் ஆளில்லை.

சனிக்கிழமை வார்டனம்மா பானைக்குள் கைவிட்டுப் பார்த்தார். எங்களை வரிசையாக நிறுத்தி, எடுத்தவள் முன்னால் வரட்டும் என்றார். நீ என் காதோரம் சொன்னாய்: "வாயத் தொறக்காத. தெரிஞ்சா ஒங்கய்யா சபையில தல நிமிர முடியாது. எனக்கென்ன, ஒரு நாள் முழங்கால் போடச் சொல்லுவாவ, அம்புட்டுதான்." சொல்லிவிட்டுப் போய் முன்னால் நின்றாய். உன் வாழ்க்கையில் நீ போட்ட ஒரே தப்புக் கணக்கு அது. காணிக்கையில் கைவைத்தவளுக்கு இலவச இடம் கிடையாது என்று, உன் அப்பாவுக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் அவர் வந்தார். வார்டனம்மாவிடம் ஒரு வார்த்தை வாதாடவில்லை. உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பசிச்சா அப்பாட்ட சொல்லப்படாதா தாயி?"

நீ தலையைக் குனிந்துகொண்டாய். நான் பத்தடி தூரத்தில் நின்றேன். சொல்லியிருக்கலாம். தேர்வு முடியட்டும், அப்புறம் சொல்லலாம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். கோழை. வேறு சொல் தேடுவானேன்?

நான் தேறினேன், டீச்சரானேன், இன்றைக்கும் பென்ஷன் வாங்குகிறேன். நீ நாற்று நட்டாய். என் கல்யாணத்தன்று வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. தெப்பமாக நனைந்து வந்து, "நான் அன்னைக்கே சொன்னேம்லா" என்று என் காதில் சொல்லிச் சிரித்தாய். என்னவென்று எல்லாரும் கேட்டார்கள். நான் அழுததை மணப்பெண் அழுகை என்று நினைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அந்தப் பேச்சை எடுத்தேன். "கெடக்கட்டும்ளா, காப்பிய குடி" என்பாய். அவ்வளவுதான்.

தகவல் கிடைத்து உன் வீட்டுக்கு வந்தபோது வாய்க்கரிசி போட ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் சபையில் அந்த வழக்கம் கிடையாது. ஐயா இருந்தால் விட்டிருக்க மாட்டார். ஆனாலும் வரிசையில் நின்றேன். அரிசித் தட்டை நீட்டிய உன் மகள் தேம்பிக்கொண்டே சொன்னாள்: "'எனக்குப் படிப்பு ஏறல, அதான் பள்ளிக்கூடத்த விட்டேன்'னு அம்ம சொல்லும் சித்தி. ஒங்களப் பத்திதான் டீச்சரு டீச்சருன்னு ஒரே பெருமை."

படிப்பு ஏறவில்லையாம்! பெற்ற பிள்ளைகளிடம்கூட நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அத்தனை பெண்கள் நடுவில் வாய்விட்டுச் சொன்னேன், அரிசியைத் தின்றது நான், படிப்பு போனது உனக்கு என்று. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உன் மகளும் நீட்டிய தட்டை இழுத்துக்கொள்ளவில்லை.

ஒரு பிடி அள்ளி உன் வாயருகே கொண்டுபோனேன். "எனக்கு வேண்டாம்ளா" என்று இன்னொரு தடவை சொல்ல மாட்டாயா என்று, போடாமல் குனிந்தே நின்றேன். பின்னால் நின்றவர்கள்தான் என் கையைப் பிடித்துத் தாழ்த்தினார்கள்.