அக்ஸா உதைத்த கடைசிப் பந்து

ஷார்ஜா,
12.3.2007

அன்பு மகள் சுபிஷாவுக்கு அம்மா எழுதுவது. அப்பா, நான், உன் தங்கை அக்ஸா மூன்று பேரும் கர்த்தர் கிருபையால் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் கால் முட்டு மட்டும் சுகமாக இல்லை. அயர்லாந்துக் குளிரில் நீ எப்படி இருக்கிறாய், நைட் டியூட்டி முடிந்து வந்து ஏதாவது பொங்கித் தின்கிறாயா, இல்லை ரொட்டியைக் கடித்துவிட்டுப் படுத்துவிடுகிறாயா, உண்மையை எழுது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். இந்த ஒற்றை ரூம் பிளாட்டில் நான் போனில் பேசினால் அக்ஸாவின் காதில் விழாமல் என்ன செய்ய, விஷயமே அவளைப் பற்றியதுதான். வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை.

அவள் வேலை பார்க்கும் பல் கிளினிக்கில் ஓர்லா என்று உங்கள் அயர்லாந்துக்காரி ஒருத்தி இருக்கிறாள். போன அக்டோபரில் தங்கள் டீமில் ஆள் குறைகிறது, ஓடத் தெரிந்தால் போதும் என்று சொல்லி இவளைத் துபாய்க்கு ஆடக் கூட்டிப் போனாள். கேலிக் ஃபுட்பாலாம், அயர்லாந்துக்காரர்களின் சொந்த ஆட்டமாம், நீ கேள்விப்பட்டிருக்கிறாயா? கல்யாணம் பேசுகிற வயதில் பல்லு கில்லு போனால் எவன் கட்டுவான் என்று நான் குதித்தேன், யார் கேட்டார்கள். சரி, கூடவே போய்க் காவல் இருப்போம் என்று வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்ததும் அப்பாவை வண்டி எடுக்கச் சொல்லி நானும் போக ஆரம்பித்தேன். ஜூனியர் சாம்பியன்ஷிப் என்றதால் சின்னப் பிள்ளைகள் என்று நினைத்தால், அங்கே இரண்டு பிள்ளை பெற்றவளெல்லாம் ஓடுகிறாள். பெரிய டீமில் இடம் கிடைக்காதவர்கள் ஆடுவதற்குத்தான் அந்தப் பெயராம். பந்தைக் கையில் பிடிக்கிறார்கள், கொஞ்ச தூரம் ஓடியதும் தரையில் தட்டுகிறார்கள், இல்லாவிட்டால் தன் காலிலேயே தட்டித் தன் கைக்கே எடுத்துக்கொள்கிறார்கள். அப்பா முதல் நாளே, கையா காலா ரெண்டுல ஒண்ண தீர்மானிச்சிட்டு வரச் சொல்லு பிள்ளைகள என்றார். எனக்கோ புரியாவிட்டால் தூக்கம் வராது, உனக்குத்தான் தெரியுமே. பக்கத்தில் நின்ற எல்லாரையும் கேட்டுத் துளைத்துவிட்டேன். இதில் அயர்லாந்தில் பெரிய ஸ்டேடியத்தில் ஆடுகிறவர்களுக்குக்கூடச் சம்பளம் கிடையாது, ஆடிவிட்டு மறுநாள் வேலைக்குப் போவார்கள் என்று ஓர்லா சொல்கிறாள், அப்பா நம்பவே மாட்டேன் என்கிறார். உன் வார்டு நோயாளிகளில் இந்த ஆட்டம் ஆடிய தாத்தாமார் யாராவது இருந்தால் கேட்டு எழுது. மழையிலும் சேற்றிலும் ஆடுவார்களாமே, அதுவும் நிஜமா?

இப்படிக் கேட்டுக் கேட்டே நான் மாட்டிக்கொண்டேன். கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று பந்து உள்ளே போனதா வெளியே போனதா என்று சொல்ல ஒவ்வொரு டீமும் ஆள் தர வேண்டும். எங்கள் டீம் ஆள் லீவில் ஊருக்குப் போய்விட்டார். நீங்கள்தான் ஒரு ஆட்டம் விடாமல் வருகிறீர்களே ஆன்ட்டி, கண்ணும் நன்றாக இருக்கிறது என்று ஓர்லா என்னை நிறுத்திவிட்டாள். சேலைக்கு மேலே அந்த வேலைக்கான வெள்ளைக் கோட்டு, அப்பா பார்த்துவிட்டு கம்பவுண்டரம்மா மருந்து உண்டுமா என்று கேட்கிறார், குசும்பு. குறுக்குக் கம்பிக்கு மேலே இரண்டு கம்பத்துக்கும் நடுவில் போனால் ஒரு பாயிண்ட், வெள்ளைக் கொடி காட்ட வேண்டும். கீழே வலைக்குள் போனால் மூன்று, பச்சைக் கொடி. வெளியே போனால் இரண்டு கையையும் விரிக்க வேண்டும். இவ்வளவுதான், நான் ஒரே நாளில் படித்துக்கொண்டேன்.

நம் பிள்ளையும் சும்மா சொல்லக்கூடாது, சீசன் தொடங்கும்போது பந்தைக் கண்டு ஒதுங்கியவள் ஜனவரியில் அபுதாபியில் இரண்டு பாயிண்ட் எடுத்தாள், டீம் முழுக்க அவளைத் தூக்கிக்கொண்டு சுற்றியது. போன வெள்ளிக்கிழமை துபாயில் ஃபைனல், எதிர் டீம் அதே அபுதாபி. முடியப் போகும் நேரம், நாங்கள் ஒரே ஒரு பாயிண்ட் பின்னால். அக்ஸா கைக்குப் பந்து வந்தது, உதைத்தாள். உள்ளே போனால் சமம், கூடுதல் நேரம் ஆடலாம். பந்து உயரமாக என் கம்பத்துப் பக்கமாகவே வந்தது சுபிஷா மக்களே, கம்பத்துக்கு ஒரு கை அகலம் வெளியே போயிற்று. எங்கள் ஆட்கள் உள்ளே என்று கத்துகிறார்கள். அடுத்த கம்பத்தில் நின்ற அபுதாபிக்காரருக்குச் சரியாகத் தெரியவில்லை, என்னைப் பார்க்கிறார். ரெஃப்ரி என்னைப் பார்க்கிறார். அக்ஸாவும் பார்க்கிறாள், சின்னதில் மிட்டாய்க் கடை முன்னால் நின்று பார்ப்பாளே அந்தப் பார்வை. கண்ணை மூடாமல் இரண்டு கையையும் விரித்துவிட்டேன். உடனே விசில் ஊதிவிட்டார்கள், தோற்றோம். அபுதாபிப் பிள்ளைகள் கப்பைத் தூக்கிக்கொண்டு ஆடியபோது இவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, ஒரு கொடிய தூக்கிருந்தா என்ன குறஞ்சிரும், இது என்ன கோர்ட்டா என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது, பிள்ளைக்குப் பொய்ச்சாட்சி சொல்லவா வெள்ளைக் கோட்டு போட்டேன் என்று கேட்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. சொந்தப் பிள்ளையின் ஆசையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேனே என்று அழுகை வருகிறது. நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

மேலே உள்ளதை நேற்று எழுதினேன், தபாலில் போடவில்லை. இன்று அக்ஸா டியூட்டி முடிந்து வந்து அடுக்களையில் நான் நெத்திலி ஆய்கிற இடத்தில் தானாகவே வந்து உட்கார்ந்தாள். மம்மி, பந்து வெளிய போனத நானும் பாத்தேன் என்றாள். பிறகு எதுக்கு பிள்ளே இத்தனை நாள் மூஞ்சிய தூக்கி வச்சிருந்த என்று கேட்டேன். தெரிஞ்சிட்டே நீங்க வெள்ளக் கொடிய தூக்கணும்னு ஜெபம் பண்ணேன் மம்மி, அதான் உங்க மூஞ்சிய பாக்க முடியல என்று சொல்லி அழுதுவிட்டாள். மீன் கையோடு அவளைக் கட்டிக்கொண்டேன். அந்த ஒரு ஜெபத்தைக் கர்த்தர் கேட்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று என்றேன், அழுதுகொண்டே சிரித்தாள்.

நீ போனில் பேசும்போது இதைப் பற்றி அவளிடம் எதுவும் கேட்காதே, தங்கையை நினைத்துக் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள், அது போதும். காலுக்கு உறை போடாமல் தரையில் நடக்காதே. உன் ஜெபங்களில் கேட்க வேண்டியதைக் கர்த்தர் கேட்டு, கேட்கக் கூடாததைத் தள்ளிவிடட்டும் மக்களே.

என்றும் உன் அம்மா,
ஜெபராணி ஞானையா